குழாயும் ஓசையும்

செங்கல்பட்டுச் சேற்றுவயலில் உழும் டிராக்டரின் புகைக்குழாய் வானோக்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் கலப்பை, கீழே சேறும் நீரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை மாமல்லபுரம் நோக்கிப் பறக்கும் பைக்குகளில் சில, சைலன்ஸரைக் கழற்றி வெற்றுக்குழாய் மாட்டியிருப்பதற்கு? வேகம் என்பார்கள். எஞ்சினில் வேறெதையும் மாற்றாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டால் கூடுவது பெரும்பாலும் ஓசைதான். (அசைநிலைக்குக்கூட யாப்பை நிரப்பும் வேலையேனும் உண்டு!)

இரவெல்லாம் கடலிலிருந்து விடிகாலையில் கரையேறி உறங்குவோரின் குப்பங்கள் இச்சாலையோரம்தான் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்திற்குப் பின், முதற்குற்றத்திற்கே 3 மாதச் சிறை, 10,000 ரூபாய் அபராதம் வரை செல்கிறது. ஓட்டிய இளைஞனோடு அது நின்றுவிடலாகாது. குழாயை விற்ற கடைக்காரரையும் பொருத்திய பட்டறைக்காரரையும் முதலில் விசாரிக்கவேண்டும் என்பது என் கட்சி.