கோயில் கூட்டத்துக்கே 14 நாள் நோட்டீஸ். சட்டமன்ற மசோதாவுக்கு?

இன்னைக்கு திருவிழா விஷயம் இல்ல. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

போன மாசம் நம்ம கோயில் ஆண்டுக் கூட்டத்துல ஒரே ஒரு விதியை மாத்தினோம். அதுக்கே செயலாளர் 14 நாளுக்கு முன்னாடி நோட்டீஸ் ஒட்டினார். பழைய விதி ஒரு பக்கம், புது விதி ஒரு பக்கம். கூட்டத்துல பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மா எழுந்து, "சரி தம்பி, உண்டியலை எண்ணும்போது கூட யாரு நிக்கிறது?"ன்னு கேட்டாங்க. நாங்க படிச்சவங்க யாருமே அதை யோசிக்கல. அங்கேயே ஒரு வரி சேர்த்தோம்.

சிரம்பான்ல நம்ம மாநில சட்டமன்றத்துல அந்த அம்மாவுக்கு இடம் எங்கே? மசோதா முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழு நிலை, மூன்றாம் வாசிப்புன்னு நாலு படி ஏறணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம நாட்டு சட்டமன்றங்கள்ல பெரும்பாலும் சில நாள்ல முடியுற ஒரே கூட்டத்துலேயே நாலு படியும் ஏறிடுறாங்க. 'குழு'ன்னு சொல்றது தனிக் குழுவும் இல்ல. அதே சபை, அதே நாற்காலி, பேரு மட்டும் மாறும்.

2023 ஆகஸ்ட் தேர்தல்ல 36 இடத்துல பக்காத்தான் 17, பாரிசான் 14 ஜெயிச்சு சேர்ந்து ஆட்சி அமைச்சாங்க. பெரிக்காத்தானுக்கு 5. அதாவது 31க்கு 5. நான் ஆட்சிக்கு எதிரி இல்ல. ஆனா எண்ணிக்கை இப்படி இருந்தா மசோதாவை யாரு நோண்டிப் பார்ப்பா? ஃபேக்டரியில என் லைன்ல ஒரு வேலைமுறையை மாத்தணும்னாலே முதல்ல ஓட்டிப் பார்த்து, மெஷின்ல நிக்கிற பிள்ளைங்க சொல்றதைக் கேட்டு, அப்புறம்தான் கையெழுத்து போடுவேன்.

"பெரிய சட்டமெல்லாம் கோலாலம்பூர்லதானே, மாநிலத்துல என்ன இருக்கு"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நிலம் இருக்கு ஐயா! அரசியலமைப்பு ஒன்பதாவது அட்டவணையில நிலம், விவசாயம், ஊராட்சி எல்லாம் மாநிலப் பட்டியல்ல வருது. தோட்டத்து நிலத்தைத் துண்டு போட்டு விற்க அனுமதி கொடுக்கிற லெம்பாகா தானா லாடாங் கூட மாநிலத்துக்கு ஒண்ணு. நீலாய், லாபு பக்கம் ரப்பரும் செம்பனையும் போய் வீடமைப்பு வந்ததை நாம கண்ணால பார்த்தவங்க. நான் பிறந்த தோட்டம் கைமாறினது, லயத்து வீட்டுக்குப் பின்னாடி அளவுக்காரங்க சிவப்புக் குச்சி நட்டப்போதான் அப்பாவுக்குத் தெரியும். கோயிலை அடுத்த வருஷமே இடம் மாத்தினோம்.

நடக்காத விஷயத்தை நான் கேட்கல. பக்கத்துல சிலாங்கூர்ல 2010 ஜூலையில தகவல் பெறும் உரிமை மசோதாவைத் தாக்கல் பண்ணி, தேர்வுக் குழுவுக்கு அனுப்பினாங்க. குழு வெளியாட்கள் கருத்தையும் கேட்டுத் திருத்தி, 2011 ஏப்ரல் 1ல நிறைவேறுச்சு. ஒன்பது மாசத்துல யாருக்கும் ஒண்ணும் ஆயிடல.

இதுல ஆபத்தும் இருக்கு, மறைக்கல. அப்போ ரெம்பாவ் எம்.பி.யா இருந்த கைரி 2022ல கொண்டு வந்த புகையிலை மசோதாவும் நாடாளுமன்றக் குழுவுக்குப் போச்சு. 2023 நவம்பர்ல புது மசோதாவா நிறைவேறினப்போ, 2007 முதல் பிறந்தவங்களுக்கு சிகரெட் விற்கக்கூடாதுன்ற பகுதியையே காணோம். குழுவுல நல்லதும் கரையும். அதனாலதான் கால வரம்பு வைக்கணும்: மசோதா இரண்டு வாரம் பொதுப் பார்வைக்கு, நிலம், வீடு, ஊராட்சி மசோதான்னா மூணு மாசத்துக்குள்ள குழு அறிக்கை. குழு சிரம்பான்லேயே உட்காராம பகாவ், போர்ட்டிக்சன்னு வந்து, ஞாயித்துக்கிழமை கேட்கட்டும். வேலை நாள்ல வெச்சா தோட்டத்துல இருந்து யாரு வர்றது?

நம்ம மேலயும் தப்பு இருக்கு. ஒய்.பி. கோயிலுக்கு வந்தா பந்தல், நாற்காலி, மானியம்னுதான் கேட்கிறோம். போன கூட்டத்துல எந்த மசோதாவுக்கு என்ன பேசினீங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

மலாய்ல ஒரு பக்கக் கடிதம் எழுதி வெச்சிருக்கேன். எஸ்.பி.எம். மலாய்தான், பிழை இருந்தா திருத்திக் கொடுங்க. கோயில் பேர்ல இல்ல, அவங்கவங்க சொந்தப் பேர்ல. கையெழுத்து போடுறவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, வெளியில செருப்பு ஸ்டாண்ட் பக்கம் வாங்க. பேனாவோட நிப்பேன்.