மூன்றாற் பிரித்த புள்ளி

பல்கலைக்கழக மாணவரொருவர் மலர்ந்த முகத்துடன் நம்மிடம் வந்தார். ஒப்படையில் 90, இடைப் பரீட்சையில் 80, இறுதிப் பரீட்சையில் 40. கூட்டி மூன்றாற் பிரித்து, தமக்கு 70 புள்ளி என்றார். தந்தையாருக்கும் அவ்வாறே அறிவித்துவிட்டாராம்!

பாட விதியைக் காட்டும்படி கேட்டோம். மூன்றுக்கும் நிறை ஒன்றன்று. ஒப்படைக்கு நூற்றுக்கு 20; இடைப் பரீட்சைக்கும் 20; இறுதிக்கோ 60. ஆகவே, 90இல் ஐந்திலொன்று 18. 80இல் ஐந்திலொன்று 16. 40இல் ஐந்தில் மூன்று பங்கு 24. ஆக மொத்தம் 58.

பிள்ளையின் முகம் வாடிற்று. இறுதிப் பரீட்சைக்கு முன்னரே இக்கணக்கைப் போட்டிருக்கலாம். அப்பொழுதே கையில் 34 இருந்தது. 70 பெற இன்னும் 36 வேண்டும். 60இல் 36 என்பது, அப்பரீட்சையில் 60 புள்ளி. எட்டாத உயரமன்று.

அடுத்த அரையாண்டுப் பாடங்களின் நிறைகளைக் குறித்துக்கொண்டார். தந்தையாரிடம் எங்ஙனம் சொல்வதென்பதற்கு மட்டும் நம்மிடம் சூத்திரம் இருக்கவில்லை.