குதிரைக்குத் தீனி, ஜாக்கிக்குப் பட்டினி

பிரெட் ஆர்ச்சர். 1874 முதல் 1886 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் இங்கிலாந்தின் சாம்பியன் ஜாக்கி. 2,748 வெற்றிகள், அதில் 5 டெர்பி. பந்தய ரசிகர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, என்ன ஒரு அர்ப்பணிப்பு என்று உருகுவார்கள்.

அர்ப்பணிப்பா? பச்சையாகச் சொன்னால் பட்டினி! ஆள் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கும் மேல். எடை இறக்கப் பேதி மருந்து, நீராவிக் குளியல், காய்ந்த வயிறு. 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக நாள்கணக்கில் சாப்பிடாமல் 54 கிலோவுக்கு இறங்கினார். ஒரு தலை வித்தியாசத்தில் தோல்வி. அடுத்து டைபாய்டு. நவம்பர் 8 அன்று தன்னையே மாய்த்துக்கொண்டார். வயது 29.

1884இல் மனைவியைப் பறிகொடுத்த துக்கமும் ஒரு காரணம், சரி. ஆனால் காய்ச்சலைத் தாங்க அந்த உடம்பில் என்ன மிச்சம் வைத்திருந்தார்கள்?

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. எடை இறக்க ஜாக்கிகள் வியர்த்துக் கிடந்த நீராவி அறைகளைப் பிரிட்டன் பந்தய மைதானங்களில் நிரந்தரமாக மூட முடிவெடுக்கவே 2021 ஆகிவிட்டது! அறையை மூடினால் போதுமா? வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதே. எடை வரம்பை இன்னும் உயர்த்த வேண்டும். நாலு கிலோ கூடினால் குதிரை செத்துவிடாது. குறைத்துக் குறைத்துத்தான் மனிதன் செத்தான்.