காசு கட்டுவதற்கு முன்...



இடப்பெயர்வால் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் நம்மில் பலர். கணினி கற்க வேண்டுமென்றால் தோட்டையோ காப்பையோ அடகு வைக்க எண்ணுபவர்களும் உண்டு. அதற்கு முன் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பாருங்கள்.

கணினி புதிது என்பவர்களுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' ஏற்றது. பாடங்கள் சிறியவை. பலவற்றைத் தமிழிலேயே கேட்கலாம்.

மென்பொருள் எழுதப் பழக விரும்புவோருக்கு, மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் பைதன், இணையத்தள வடிவமைப்புக் கற்கைநெறிகளை இலவசமாக வழங்குகிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் 2014இல் தொடங்கிய 'ஃப்ரீகோட்கேம்ப்' உண்டு. பாடமும் சான்றிதழும் இலவசம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'சி.எஸ்.50' பாடத்தையும் இலவசமாகப் படிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் பாடம் இலவசம், பரீட்சைக்குக் கட்டணம். இந்தியாவின் 'ஸ்வயம்' அப்படிப்பட்டது.

காசு கட்டும் வகுப்பென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பரீட்சையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? சான்றிதழ் என்.வி.கியூ. தகைமையில் எத்தனையாம் மட்டம்? முன்னர் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "மூன்று மாதத்தில் வேலை நிச்சயம்" என்பவரிடம் அவசரப்பட்டுக் காசு கொடுக்காதீர்கள்.

பாடத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். எழுதிப் பழக விசைப்பலகை வேண்டும். அயலில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய மடிக்கணினியை வாங்கி, நேரம் பிரித்துப் பழகலாம். ஒருவருக்கு விளங்காதது மற்றவருக்கு விளங்கும்.

பிள்ளைகள் உறங்கிய பின் கிடைக்கும் அரை மணித்தியாலம் தொடங்கப் போதும்.