ஷூ, ஜெயிச்ச பிறகு தர்ற பரிசு இல்லீங்க

1/ போன வாரம் பேரையூர் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பொண்ணு ஓ.பி.க்கு வந்தா. வலது கால் கட்டைவிரல் நகம் கருத்துப் போயிருக்கு. குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு புண். 800 மீட்டர் ஓடுற பொண்ணு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ "இதுவரைக்கும் எத்தனை ஷூ வச்சிருந்த கண்ணு?"ன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினா.

ஏழாவது வரைக்கும் வெறுங்கால்.
எட்டாவதுல அண்ணனோட பழைய கேன்வாஸ்.
ஒன்பதாவதுல யூனிஃபார்முக்குப் போடுற கருப்பு ஷூ.
இப்போ யாரோ ஒரு நல்ல மனுஷர் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ. ரெண்டு சைஸ் பெருசு. முன்னாடி துணி அடைச்சு ஓடுறா.

மூணு ஷூ. ஓடுறதுக்குன்னு அவ கால் அளவுக்கு வாங்கினது ஒண்ணுகூட இல்லை.

3/ ஷூ பெருசா இருந்தா ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் முன்னாடி வழுக்கும். நகம் போய் இடிக்கும், நகத்துக்கு அடியில ரத்தம் கட்டும். குதிகால் உரசி உரசிக் கொப்புளம் ஆகும். இதுதான் அவளோட முழு நோயும்.

அவங்க அம்மா கேட்டாங்க: "டாக்டரம்மா, ஓடுறத நிறுத்திரச் சொல்லட்டுமா?"

நிறுத்த வேண்டியது ஓட்டத்தை இல்லைம்மா, அந்த ஷூவை.

4/ இதை எழுதினா முதல் கமெண்ட் என்ன வரும்னு தெரியும். "திறமை இருந்தா வெறுங்கால்லயே ஜெயிக்கலாம். நம்ம மதுரை ரேவதி ஜெயிக்கலையா?"

சரி, ரேவதி வீரமணியைப் பத்தியே பேசுவோம்.

5/ சக்கிமங்கலத்துப் பொண்ணு. சின்ன வயசுலயே அப்பா, அம்மாவை இழந்தவர். கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டி. கல்லூரிப் போட்டிகள்லயும், 2016-ல கோயம்புத்தூர்ல நடந்த தேசிய ஜூனியர் போட்டியிலயும் வெறுங்கால்ல ஓடினதா அவரே சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் ஷூவும் சத்தான சாப்பாடும் கிடைக்கப் பண்ணினது பயிற்சியாளர் கண்ணன். பிறகு பாட்டியாலா தேசியப் பயிற்சி முகாம். 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4x400 கலப்புத் தொடர் ஓட்டம்.

நாம ஷேர் பண்றது வெறுங்காலை மட்டும். அவர் வளர்ந்தது ஷூவும் சாப்பாடும் பயிற்சியும் கிடைச்ச பிறகு.

6/ அடுத்த கமெண்ட்: எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தான்ல வெறுங்கால்ல தங்கம். உண்மைதான். கிடைச்ச ஷூ காலுக்குச் சரியா அமையாததால கழட்டி வச்சவர் அவர். அதே ஆள் 1964 டோக்கியோல ஷூ போட்டு ஓடினார். மறுபடியும் தங்கம். நேரம்? ரோமை விட 3 நிமிஷம் குறைவு.

7/ வெறுங்கால்ல ஓடுறதே வியாதின்னு நான் சொல்லலை. நல்ல தரையில பழகி ஓடினா தப்பில்லை. ஆனா நம்ம ஊர் கிரவுண்ட்ல என்ன கிடக்கு? சீமைக்கருவேல முள், உடைஞ்ச பாட்டில், துருப்பிடிச்ச ஆணி. மலம் கலந்த மண்ணுல இருந்து கொக்கிப்புழு பாதத் தோல் வழியா உள்ள போய், குடல்ல உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். ரத்தசோகையோட ஒரு பொண்ணு எப்படிங்க 800 மீட்டர் ஓடுவா?

8/ "அதான் பள்ளிக்கூடத்துல விலையில்லா காலணி தர்றாங்களே?" நல்ல திட்டம். அது நடந்து பள்ளிக்கூடம் போக. தினம் ஓடுறதுக்கு இல்லை.

ஓடுற ஷூ பொதுவா 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். தினம் 5 கிலோமீட்டர், வாரத்துக்கு 6 நாள் ஓடுற பிள்ளைக்கு 4 முதல் 6 மாசம். அதுக்குள்ள காலும் வளர்ந்திடும். ஆக வருஷத்துக்குக் குறைஞ்சது 2 ஜோடி.

9/ இப்போ கோபமா ஒண்ணு சொல்றேன். இந்தப் பிள்ளைங்க மாநில அளவுல ஜெயிச்சா ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைப்போம். சால்வை போடுவோம். செல்ஃபி எடுப்போம். அந்தக் காசு ஆறு மாசம் முன்னாடி ஷூவா வந்திருக்கணும். ஜெயிச்சவளுக்கு மட்டும் ஷூ தந்தா, ஷூ இல்லாமத் தோத்தவ கணக்குலயே வரமாட்டா. பல இடத்துல சொந்தக் காசுல வாங்கித் தர்றது பி.டி. சார்தான். அது அவர் வேலை இல்லை.

10/ வாங்கித் தரப் போறீங்களா? பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க.
* சாயங்காலம் போங்க. அப்போ பாதம் லேசா வீங்கியிருக்கும்.
* சாக்ஸ் போட்டு நிக்க வச்சு ரெண்டு காலையும் பாருங்க.
* நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்.
* "வளர்ற பிள்ளை"ன்னு ரெண்டு சைஸ் கூட்டி வாங்காதீங்க.
* 10 வயசுலயும் 16 வயசுலயும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க. அரசு மருத்துவமனையில இலவசம்.

11/ "நீங்களே அந்தப் பொண்ணுக்கு வாங்கித் தரலாமே டாக்டர்?"னு கேப்பீங்க. வாங்கிக் கொடுத்தாச்சு. அவ காலுக்குன்னு வாங்கின முதல் ஜோடி.

ஆறு மாசம் கழிச்சு அடுத்த ஜோடி வேணும். அவ கூட ஓடுற மத்த பிள்ளைங்களுக்கு இப்பவே வேணும். உங்க ஊர் கிரவுண்டுக்கு ஒரு நாள் போய், ஓடுற பிள்ளைங்க காலைக் குனிஞ்சு பாருங்க.