செல்லில் காணாமல் போன கோழி



போன மாதம் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணைக்குப் போயிருந்தேன். தீவன மூட்டைகளுக்கு மேலே பலகை அடித்து, கேமராப் பதிவுப் பெட்டியை வைத்திருந்தார்கள். மேலெல்லாம் தவிட்டுத் தூசி. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். "மாட்டிவிட்ட பையன் வெச்சதுங்க, 123456" என்றார் பண்ணைக்காரர். "இதுக்கெல்லாமா வைரஸ் வரும்? இதென்ன கம்ப்யூட்டருங்களா?"

கம்ப்யூட்டர்தான். இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்து வந்த 'பாஸ்' நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. 'லினக்ஸில் வைரஸே வராது' என்ற பேச்சும் கூடவே பரவியது. நானும் நாலு பேருக்குச் சொன்னவன்தான்.

ஆனால் வந்தது. 2016இல் இந்தப் பெட்டிகளைத் தேடி வந்த மிராய் என்ற தீநிரலுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு இணையத்தில் வீடு வீடாகத் தட்டிப் பார்த்தது. 123456ம் அந்தப் பட்டியலில் உண்டு. லட்சக்கணக்கான கேமராப் பெட்டிகளும் ரவுட்டர்களும் அதற்குத் திறந்துவிட்டன. அந்த அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளங்களின் பெயரை வைத்து முகவரி காட்டிய டைன் என்ற நிறுவனத்தின் மீது பாய்ந்தபோது, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் மணிக்கணக்கில் படுத்துக்கொண்டன. பெட்டிக்காரருக்கு எதுவும் தெரியாது; படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும். பாஸ்வேர்டு பழையதே என்றால் சில நிமிடங்களில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாஸும் தப்பவில்லை. 2025 ஆகஸ்டில், 'டிரான்ஸ்பரன்ட் டிரைப்' என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கும் கும்பல், பாஸ் பயன்படுத்தும் அரசு அலுவலகங்களைக் குறிவைத்தது வெளிவந்தது. கூட்ட அறிவிப்பு என்று மின்னஞ்சலில் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே பி.டி.எஃப். போல வேடம் போட்ட ஒரு குறுக்குவழிக் கோப்பு. சொடுக்கினால் நிஜமாகவே ஒரு பி.டி.எஃப். திறக்கும், அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வேவு நிரல் இறங்கிவிடும். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தால் என்ன, நாமே அல்லவா திறந்துவிடுகிறோம்?

பண்ணைக்காரர் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். "ஏனுங்க, செல்லுல கோழியவே காணோமுங்க!" புது பாஸ்வேர்டைச் செயலியிலும் போட வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அத எந்த மூட்டை மேல எழுதி வெச்சனோ தெரியலீங்களே..."