விஷத்தைத் தின்னும் பாக்டீரியா... பாதியில் எழுந்து போனால்?

'விஷத்தைத் தின்னும் பாக்டீரியா' என்று தலைப்பு வைத்தால் கிளிக் கண்டிப்பாக விழும். பொய்யும் இல்லை. ஆனால் அது தின்னும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது.

டிரை கிளீனிங்கில் பயன்படும் திரவம் பெர்குளோரோஎத்திலீன், சுருக்கமாக 'பெர்க்'. தண்ணீரைவிடக் கனமானது. தரையில் சிந்தினால் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீருக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் அங்கிருந்தே நீரில் கலந்துகொண்டிருக்கும்.

இதற்கு ஆள் கிடைத்தது 1997-ல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழிவுநீர்ச் சகதியிலிருந்து 'டிஹாலோகாக்காய்ட்ஸ்' என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. நாம் ஆக்சிஜனை சுவாசிக்கிற மாதிரி, அது பெர்க்கை 'சுவாசிக்கிறது'. எரிபொருள், ஹைட்ரஜன். ஒவ்வொரு படியிலும் ஒரு குளோரினைக் கழற்றிவிட்டு ஹைட்ரஜனை மாட்டுகிறது.

பெர்க்கில் குளோரின் நான்கு. நான்கும் போனால் மிஞ்சுவது எத்திலீன். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான், பயமில்லை. ஆனால் ஒரே ஒரு குளோரின் மிச்சமிருக்கும் படியின் பெயர் வினைல் குளோரைடு. மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருள். அமெரிக்கக் குடிநீரில் பெர்க்குக்கு அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். வினைல் குளோரைடுக்கு வெறும் 2. அதாவது, பாதி வேலை முடிந்த நிலம் முன்பைவிட மோசமாகலாம்.

கடைசி குளோரினைக் கழற்றும் மரபணு எல்லா பாக்டீரியாவிடமும் இல்லை. அந்த 1997 ரகம்கூட அந்தப் படியில் மந்தம்தான். மிச்சிகன் மாநிலம் ஆஸ்கோடாவில் ஒரு பழைய டிரை கிளீனிங் கடை இருந்த இடத்தில் சோதனை நடந்தது. தீனி மட்டும் போட்ட பகுதியில் வேலை தொடங்கவே மாதக்கணக்கானது. சரியான பாக்டீரியாவையும் சேர்த்து இறக்கிய பகுதியில் சுமார் 6 வாரங்களில் எத்திலீன் வரை போனது.

'இயற்கையே பார்த்துக்கொள்ளும்' என்று நிலத்தைக் கெடுத்தவர்கள் சொல்லும்போது உஷாராக வேண்டிய இடம் இதுதான். அவர்கள் காட்டும் அறிக்கையில் பெர்க் குறைந்திருப்பது மட்டும் போதாது. வினைல் குளோரைடு எவ்வளவு, எத்திலீன் எவ்வளவு, அந்த மரபணு மண்ணில் இருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத அறிக்கைக்கு 'சுத்தமாகிவிட்டது' என்று சான்று கொடுப்பது அநியாயம்.